ஒற்றைக் காலில் பத்து நாள் நடந்தவர்

ஆத்திக்கொல்லை தீர்த்தகிரியை ஜவ்வாது மலையில் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் ஆலங்காயத்துக்கு நடந்து போன கதையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் பஸ் ஓடாத ஒரு மழை நாளில், புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கி, ஆலங்காயத்தில் விற்றுவிட்டு, பதிலுக்கு ஒரு உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினார். இது உண்மை. அதன் பிறகு அவர் பெரிதாக எங்கும் நடக்கவில்லை. கதைதான் நடந்தது. ஆரம்பத்தில் மூட்டை முப்பது கிலோ. ஐந்தாறு வருடத்தில் அது ஐம்பது ஆனது. பிறகு வழியில் ஒரு கரடி வந்து சேர்ந்தது. போன வருடம் கரடிக்கு இரண்டு குட்டிகளும் பிறந்துவிட்டன.

இப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. வீட்டிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து பஸ் நிற்கும் புளியமரம், அங்கிருந்து மறுபடி வீடு. இதுதான் அன்றாட நடை. இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லை உண்டு. அதில் களை எடுப்பது, எரு சுமப்பது, அறுப்பது எல்லாம் மனைவி பாஞ்சாலை. மேற்பார்வை தீர்த்தகிரி. கொல்லையை டீக்கடை பெஞ்சிலிருந்தே பார்க்க முடியும் என்பதால் மேற்பார்வைக்கும் நடக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் சித்திரை மாதத்தில் ஒரு நாள் மெர்சிலின் வந்து சேர்ந்தாள். ஆலங்காயத்துப் பெண். வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அவளுக்கு மலையில் நிறைய நடக்கும் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். யாரைக் கேட்டாலும் முதல் பெயராகத் தீர்த்தகிரியைச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. அத்தனை வருடம் அவரே சொல்லிச் சொல்லி வளர்த்த பெயர் அது.

டீக்கடை பெஞ்சில் அவள் ஒரு ஜோடி உள்ளங்கால் அட்டைகளை எடுத்து வைத்தாள். செருப்புக்குள் வைத்துக்கொள்வது. கெட்டியான பாலிதீன் தாள்போல வளைந்தது. ஓரத்தில் அரைத் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி, அதில் கடுகளவு பச்சை விளக்கு.

"இந்தத் தாளுக்குள்ள கண்ணுக்கே தெரியாத துகள் இருக்குதுண்ணா. அழுத்தினா, மடக்கினா கரண்ட்டு வரும். நீங்க பத்து நாளு இதோட நடந்தாலே போதும்."

தீர்த்தகிரி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எவ்ளோ வரும்? எங்க வூட்டு மிக்சி ஓடுமா?"

"மிக்சிலாம் ஓடாதுண்ணா. நல்லா நடந்தா இந்தப் பச்சை லைட்டு அப்பப்ப சிமிட்டும்."

"இது சிமிட்டறதுக்கு நான் பத்து நாளு நடக்கணுமா?"

மெர்சிலின் சிரித்தாள். காட்டுக்குள்ளே பேட்டரி மாற்ற ஆள் போக முடியாத இடங்களில் வைக்கிற சின்னச் சின்னக் கருவிகளுக்கு இத்துணூண்டு மின்சாரமே போதும் என்றாள். அது மட்டுமில்லை, தாளில் காந்தத் தூள் கலந்த இன்னோர் அடுக்கும் இருந்தது. கரண்ட் ஓடும் பெரிய வயர் பக்கத்தில் போனால் அந்தக் காந்தத்துக்கே தாள் லேசாக நடுங்கும், அந்த நடுக்கத்திலும் கொஞ்சம் மின்சாரம் வரும். நடையில் வந்தது எவ்வளவு, வயரிலிருந்து வந்தது எவ்வளவு, எத்தனை மணிக்கு வந்தது என்று பெட்டி தனித்தனியாகப் பதிந்துகொள்ளும்.

இதையெல்லாம் தீர்த்தகிரி காதில் வாங்கவில்லை. அவர் காதில் விழுந்தது கடைசியாகச் சொன்னது மட்டும்தான். பன்னிரண்டு பேரில் யாருடைய நடை அளவிலும் சீரிலும் முதலாக வருகிறதோ அவருடைய படமும் பெயரும் வேலூர்க் கல்லூரிக் கண்காட்சியில் பெரிதாக வைக்கப்படும்.

"பேரு மட்டுமா, ஊரும் போடுவீங்களா?"

"ஊரும் போடுவோம்ணா."

பெஞ்சின் மறுகோடியில் மணிவேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் குக்கிராமத்தில் ஆடு மேய்ப்பவன், உறவில் மருமகன் முறை. எட்டாம் எண் அட்டைகள் அவனுக்கு. தீர்த்தகிரிக்கு ஏழாம் எண்.

"இன்னா பாப்பா," என்றான் மணிவேல், "டீக்கடைக்கு நடக்கறதையும் கணக்குல எடுத்துப்பீங்களா? மாமாவுக்கு அது ஒண்ணுதான் வழி."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தீர்த்தகிரியும் சிரித்தார். சிரித்தபடியே மனசுக்குள் கணக்குப் போட்டார். இருபத்திரண்டு வருடப் பெயர். இந்தப் பயல் ஆட்டுக்குப் பின்னால் ஓடியே அதை வாரிக்கொண்டு போய்விடுவான். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் ஒரு முடிவோடு இருந்தார். நடந்துவிடுவது. நிஜமாகவே நடந்துவிடுவது. முதல் நாளே டீக்கடைக்கு மூன்று முறை போய் வந்தார்.

இரண்டாம் நாள் ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள்.

காளியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஆத்திக்கொல்லையில் ஒன்பது நாள் யாரும் ஊர் எல்லைக்குள் செருப்புப் போடக்கூடாது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. அம்மன் காலில் செருப்பில்லாமல் ஊருக்குள் சுற்றும்போது நாம் போட்டுக்கொண்டு திரிவதா என்பது நியாயம். அம்மன் உத்தரவு எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் காப்பு, அதனால் முன்கூட்டி யாருக்கும் தேதி தெரியாது. எல்லையைத் தாண்டிப் போய்ச் செருப்பு மாட்டி நடக்கலாமே என்று கேட்கலாம். கேட்பவர்கள் தீர்த்தகிரியைப் பற்றி அறியாதவர்கள். எல்லைக் கல்லே ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம்.

மெர்சிலினிடம் விஷயத்தைச் சொல்லி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால், காப்பில்லாத ஊர்க்காரனான மணிவேல் படம் வேலூரில் தொங்கும். அதனால் அவர் யோசித்தார். செருப்புதானே தப்பு, அட்டை தப்பில்லையே. அட்டையைக் காலில் கட்டிக்கொள்ளலாமா என்று பூசாரியிடம் பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தார். "கால்ல எது ஒட்டிக்கினு இருந்தாலும் செருப்புதான்" என்று சொல்லிவிட்டார் பூசாரி.

அன்று பகல் முழுக்கத் தீர்த்தகிரி பட்ட பாட்டை யாரும் பார்க்கவில்லை, நல்ல வேளை. அட்டையை அக்குளில் வைத்துக் கையை மேலும் கீழும் அடித்துப் பார்த்தார். வேர்த்ததுதான் மிச்சம், விளக்கு சிமிட்டவில்லை. உட்காரும் இடத்தில் வைத்து உட்கார்ந்து எழுந்து பார்த்தார். பதினோராம் தடவையில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் மூச்சு வாங்கலாமென்று அட்டைகளை வாசலில் போட்டுவிட்டுச் சாய்ந்தவர், கண் விழித்தபோது வீட்டு வெள்ளாடு வலது கால் அட்டையை மென்றுகொண்டிருந்தது. பச்சை விளக்கு அன்றைக்கு அப்போதுதான் முதல் முறையாக அழகாகச் சிமிட்டியது. அவர் பாய்ந்து பிடுங்கியபோது பாதிதான் மிஞ்சியது. அதற்குப் பிறகு அந்த விளக்கு சிமிட்டவே இல்லை.

இடது அட்டை ஒன்றுதான் பாக்கி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நொந்துபோய் உட்கார்ந்திருந்த நேரத்தில், சுனையிலிருந்து பாஞ்சாலை தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்தாள். ஊர்த் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் மாசி மாதமே எரிந்துபோயிருந்தது. அன்றிலிருந்து எல்லாத் தண்ணீரும் பெண்கள் தலையில்தான் வந்தது. தலையில் பழைய சேலைத் துணியைச் சுருட்டி வைத்த சும்மாடு, அதன்மேல் குடம். அவள் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் குடம் மெல்ல அழுந்தி எழுந்தது. அழுந்தி எழுந்தது.

தீர்த்தகிரி அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அவள் குடம் சுமப்பதை அவர் அத்தனை கவனமாகப் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் பாஞ்சாலை கொல்லையிலிருந்து திரும்பியபோது, தன் புருஷன் ஊசி நூலோடு உட்கார்ந்து சும்மாட்டைத் தைத்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். விறகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாயா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். துணி கிழிஞ்சிருந்துச்சு. தலை நோவக் கூடாதுன்னு உள்ள மெத்துன்னு வெச்சுத் தைக்கிறேன்."

பாஞ்சாலைக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். கல்யாணமான நாளிலிருந்து தன் தலை நோகுமா என்று அவர் கேட்டதே கிடையாது. மறுநாள் மில்லில் எல்லாப் பெண்களிடமும் சும்மாட்டைக் காட்டினாள். "எங்க வூட்டுக்காரு தெச்சது. தையல பாருங்க, கோணக்கால் போட்டிருக்குது. ஆனா மெத்துன்னு இருக்குது." மில் என்பது மகளிர் குழு நடத்தும் சாமை அரவை மில். அங்கே காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பாஞ்சாலைக்கு வேலை. மூட்டைகளை உள்ளே சுமந்து போட்டுவிட்டு, மோட்டாருக்குப் போகும் தடித்த வயருக்கு மேலே உள்ள ஆணியில் சும்மாட்டை மாட்டிவிட்டு மிஷினில் நிற்பாள்.

நான்காம் நாள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது.

விடியாத நேரத்தில் சுனையிலிருந்து ஒரு பச்சை வெளிச்சம் மேலேறி வருகிறதாம். ஓடைக்கு அந்தப் பக்கம் கோயிலில் படுத்திருந்த பூசாரிதான் முதலில் பார்த்தார். மின்மினி இல்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சிமிட்டிச் சிமிட்டி, அவசரமே இல்லாமல் ஊரை நோக்கி வந்தது. பாறைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது, மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து நடந்தது. காப்புக் கட்டிய நாளில் அம்மனைத் தவிர வேறு யார் அப்படி நடப்பார்கள்?

அடுத்த நாள் ஓடைக்கரையில் பதினைந்து பேர் நின்றார்கள். அதற்கடுத்த நாள் ஊரே நின்றது. வெளிச்சம் வந்தபோது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பாறையில் மஞ்சள் பூசி, சாயங்காலமே கற்பூரம் ஏற்றினார்கள். அம்மன் வரும் நேரத்தில் யாரும் அந்தப் பாதையில் குறுக்கே போகக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லப்பட்டது.

"அப்ப தண்ணி யாரு கொண்டாருவாங்க?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

ஊர்க்கூட்டம் அடுத்த பேச்சுக்குப் போனது. அதனால் அவள் வழக்கம்போலப் போனாள். சுனையில் தண்ணீர் ஊறுவதே கொஞ்சம், நாலரை மணிக்கு முதல் ஆளாகப் போனால்தான் இரண்டு குடமாவது கிடைக்கும். பாஞ்சாலை அந்தப் பாதையில் வருகிறாள் என்பது ஊருக்குத் தெரியும். வெளிச்சம் அந்தப் பாதையில் வருகிறது என்பதும் தெரியும். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பாஞ்சாலையை எதனோடும் சேர்த்துப் பார்க்கிற வழக்கம் ஊருக்கு இல்லை.

தீர்த்தகிரிக்கு மட்டும் எல்லாம் தெரியும். முதல் நாள் ஓடைக்கரையில் நின்று பார்த்தபோதே அது எந்த விளக்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடலாம்தான். சொன்னால் மணிவேல் சிரிப்பான். அது போதாதென்று இப்போது சாமி விஷயம் வேறு. வாயை மூடிக்கொண்டு, எல்லோரும் கன்னத்தில் போடும்போது தானும் போட்டுக்கொண்டார். கொஞ்சம் பலமாகவே போட்டுக்கொண்டார்.

ஆறாம் நாள் பாஞ்சாலை அடுப்பு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தீர்த்தகிரி புகையென்று நினைத்தார். புகை இல்லை.

"ஊரே பாத்துருச்சு. நண்டு சிண்டெல்லாம் பாத்துருச்சு. தெனமும் அதே நேரத்துல, அதே வழியில நான் வர்றேன். எங்கண்ணுக்கு மட்டும் அம்மன் தெரிய மாட்டேங்குதே. நான் இன்னாயா பாவம் பண்ணேன்?"

தீர்த்தகிரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். களி சூடாக இருந்தது, அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வாயை மூடிவிட்டார். நாக்கு வெந்துபோனது. அது தனக்கு வேண்டியதுதான் என்று அவருக்கே தோன்றியது.

பத்தாம் நாள் திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். பதினோராம் நாள் மெர்சிலின் தன் பேராசிரியர் கிளமென்ட்டை அழைத்துக்கொண்டு வந்தாள். முந்தின நாள் சாயங்காலமே பன்னிரண்டு பேரின் அட்டைகளையும் வாங்கியிருந்தார்கள். தீர்த்தகிரி அதற்கு முன்பே, பாஞ்சாலைக்குத் தெரியாமல், சும்மாட்டைப் பிரித்து அட்டையை எடுத்துவிட்டு மறுபடி தைத்து வைத்திருந்தார். சமுதாயக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி, லேப்டாப்பிலிருந்து கோடு கோடாகப் படம் காட்டினார்கள். ஊர் முழுக்கத் திரண்டு வந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாஞ்சாலை இரண்டாம் வரிசையில், மடியில் அந்தக் கோணல் தையல் சும்மாட்டோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் அவள் நேராகக் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது.

"இந்த ஆராய்ச்சியில் இவ்வளவு சீரான நடையை நான் பார்த்ததே இல்லை," என்றார் கிளமென்ட். "எட்டாம் எண் இரண்டாவது இடம். முதல் இடம் ஏழாம் எண். தீர்த்தகிரி ஐயா, மேலே வாங்க."

தீர்த்தகிரி போனார். துண்டு போர்த்தினார்கள். கை தட்டினார்கள். மணிவேல் கை தட்டாமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிடத்துக்காக நாக்கு வெந்ததுகூடப் பரவாயில்லை என்று நினைத்தார் தீர்த்தகிரி.

"அண்ணா, சின்னச் சின்ன சந்தேகம் மட்டும்," என்றாள் மெர்சிலின். அவள் முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. "எடது கால் பத்து நாளும் பதிவாயிருக்குது. வலது கால் ரெண்டாம் நாளோட நின்னுருச்சு. அந்த அட்டையில பாதியக் காணோம், பல்லு பட்ட மாதிரி தடம் வேற இருக்குது. நீங்க எட்டு நாளும் ஒத்தக் கால்லயாண்ணா நடந்தீங்க?"

தீர்த்தகிரி குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

"ஆமா மேடம்," என்றார் தீர்த்தகிரி. வேறு எதுவும் அவருக்கு வரவில்லை. "அம்மனுக்கு வேண்டுதல்."

"ஒத்தக் கால்லயா?" என்றான் மணிவேல்.

"கெந்திக் கெந்தி."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மெர்சிலின் குழப்பத்தோடு அடுத்த படத்துக்குப் போனாள்.

"மூணாம் நாள்ல இருந்து தெனமும் காலைல நாலரைக்கே ஆரம்பிச்சிருக்கீங்க."

இப்போது ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. வழக்கமாக நாலரை மணிக்குத் தீர்த்தகிரியின் குறட்டையைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

"அழுத்தமும் ஒரு ஆள் எடை இல்லண்ணா. இருபது கிலோ, சில நேரம் முப்பது, அவ்வளவுதான் வருது. அது கூட போகட்டும். தெனமும் பத்து மணில இருந்து ஒரு மணி வரைக்கும் நடையே இல்ல. ஆனா காந்த அடுக்கு விடாம நடுங்கியிருக்குது. அப்படின்னா பக்கத்துல பெரிய மோட்டார் ஓடியிருக்கணும். வெள்ளிக்கெழம மட்டும் அது இல்ல. இந்த ஊர்ல அப்படி இன்னா மோட்டார்ணா இருக்குது?"

பெண்கள் பக்கம் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஊரில் ஓடுகிற பெரிய மோட்டார் ஒன்றே ஒன்றுதான். அது மகளிர் குழு மில்லில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மில் விடுமுறை. அங்கே ஆண்பிள்ளை யாரும் கால் வைப்பதில்லை.

கிளமென்ட்டின் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, இது பொய்யான பதிவுன்னா சொல்லிடுங்க. ஒருத்தர் பதிவு பொய்னா மீதி பதினோரு பேர் பதிவையும் யாரும் நம்ப மாட்டாங்க. இந்தப் பொண்ணோட ரெண்டு வருஷ உழைப்பு போயிடும்."

தீர்த்தகிரி போர்த்திய துண்டின் நுனியைத் திருகினார். மெர்சிலின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம், ஒரு பொய்தான் தேவை, அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் இரண்டாம் வரிசையிலிருந்து பாஞ்சாலை எழுந்தாள்.

"சார், எங்க வூட்டுக்காரு பொய் சொல்ல மாட்டாரு. கதைன்னா கொஞ்சம் சேத்துச் சொல்லுவாரு, அது வேற. மில்லுக்குள்ள மிஷினு சத்தத்துல நானு வெளிய பாக்கறதே இல்ல. எனக்குத் தெரியாம வாசல்ல வந்து நின்னிருப்பாரு. என் தலை நோவக் கூடாதுன்னு சும்மாடு தெச்சுக் குடுத்த மனுசன் சார் அவரு. என்னைப் பாக்க வந்து நின்னிருப்பாரு."

சொல்லிவிட்டு அந்தச் சும்மாட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

அவள் திட்டியிருந்தால் தீர்த்தகிரி சமாளித்திருப்பார். முப்பது வருடமாகச் சமாளித்த பழக்கம் இருந்தது. இதைச் சமாளிக்க அவரிடம் எதுவும் இல்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டினார். காப்பு, அக்குள், ஆடு, ஊசி, நூல், எதையும் விடவில்லை.

பூசாரிதான் முதலில் புரிந்துகொண்டார். அவர் மெல்ல எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப அந்தப் பச்சை வெளிச்சம்?"

"அந்தப் பொட்டில இருக்கற லைட்டுதான்," என்றார் தீர்த்தகிரி துண்டுக்குள்ளிருந்து. "குடம் அழுத்தினா சிமிட்டும், பழைய துணி வழியா வெளிய தெரியும். பாறைகிட்ட அவ குடத்த எறக்கி வெச்சு மூச்சு வாங்குவா. அப்ப நின்னுரும்."

ஊர் மொத்தமும் பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தது. பாஞ்சாலை சும்மாட்டைப் பார்த்தாள். பிரித்துத் தைத்த இடத்தில் பெட்டி இருந்த பள்ளம் இன்னும் தெரிந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். அவள் கோபப்படுவாளா அழுவாளா என்று தெரியாமல் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அப்ப அஞ்சாறு நாளா நீங்கள்லாம் கன்னத்துல போட்டுக்கினது எனக்கா?"

பாஞ்சாலை விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"கற்பூரம் ஏத்தினதும் எனக்கு. ஊரே ஓடைக்கரையில வந்து நின்னு, நான் தண்ணி சொமந்துக்கினு வர்றதப் பாத்திருக்குது." அவள் குரல் உயரவில்லை. "ஒருத்தர் கூட எறங்கி வந்து ஒரு கொடத்த வாங்கலியே."

பூசாரி உட்கார்ந்துவிட்டார். முன்வரிசை ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள், மூன்றாவது ஒருத்தி பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாஞ்சாலையையும் தொற்றிக்கொண்டது. சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மன் தனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்ற துக்கம் ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்தது. அது இறங்கிவிட்டதில் அவளுக்குப் பெரிய நிம்மதி.

மெர்சிலின் தயங்கித் தயங்கி அவள் அருகே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உங்களக் கேக்காம எடுத்த பதிவு இது. இத நான் வெச்சுக்கக் கூடாது, அழிச்சுடறேன். ஆனா நீங்க சம்மதிச்சா, தெரிஞ்சே, இன்னொரு பத்து நாள் செய்யலாம். சும்மாட்டுக்குள்ள வெக்கலாம்னு எங்க யாருக்கும் தோணவே இல்லக்கா."

"செய்யறேன்," என்றாள் பாஞ்சாலை உடனே. பிறகு முகத்திலிருந்து துண்டை எடுக்காமல் நிற்கும் புருஷனைப் பார்த்தாள். "ஆனா சும்மாடு மட்டும்தான் என்னுது. அது யாரு தலைல இருக்கணும்னு நானு சொல்லுவேன். ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவருக்கு. ரெண்டுலயும் எவ்ளோ வருதுன்னு எழுதிக்கோ."

கிளமென்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆராய்ச்சிக்கு அது இன்னும் நல்லது என்றார்.

மறுநாள் நாலரை மணிக்குச் சுனைப் பாதையில் பச்சை வெளிச்சம் மேலே வந்தது. முன்போல நிதானமாக வரவில்லை. பத்தடி வந்தது, நின்றது, பக்கவாட்டில் ஆடியது, எட்டடி வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் பாஞ்சாலை வெறுந்தலையோடு நடந்து வந்தாள். அவள் வலது கை மட்டும் பழக்கத்தில் அடிக்கடி மேலே போய், இல்லாத குடத்தைத் தேடிவிட்டுக் கீழே இறங்கியது. பாறைக்குப் பக்கத்தில் வந்ததும் தீர்த்தகிரிக்கு மூச்சு முட்டியது. கழுத்து தோளுக்குள் போய்விட்டதுபோல் இருந்தது. ஆலங்காயத்திலிருந்து உப்பு மூட்டை தூக்கிய அன்றைக்குக்கூட இப்படி வலித்ததாக ஞாபகமில்லை, அதுவும் கரடிகளோடு.

"ஏமே," என்றார் திரும்ப முடியாமல், "லைட்டு எரியுதா பாரு."

"எரியுது," என்றாள் பாஞ்சாலை. "நட."